ஓர் அலுவலகம் யாரிடம், என்ன விலைக்கு, எப்போது வாங்குகிறது? அரசுக் கொள்முதல் தளங்கள் பற்றி ஒரு வழங்குநரின் மதிப்பாய்வு

அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குவதற்கான மத்திய அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில், ஏற்கெனவே செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தத் தளத்தில் விற்பனையாளராகப் பதிவு செய்து, பொருள்களைப் பட்டியலிட்டு, ஆர்டருக்காகக் காத்திருக்கும் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை என்பதை என் தொழில் வட்டத்தில் தொடர்ந்து கண்டுவருகிறேன். ஓர் அலுவலகம் சென்ற ஆண்டு என்ன வாங்கியது, யாரிடம் வாங்கியது, என்ன விலை கொடுத்தது என்ற மூன்றையும் செலவில்லாமல் அறிய வழி இருக்கும்போது, அதைப் படிக்காமல் விலைப்புள்ளி கொடுப்பது சிறு நிறுவனங்களுக்கு வீண் இழப்பாகவே முடிகிறது. பிரிண்டர்களுக்கான கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜ்களை, அதாவது அசல் தயாரிப்பாளருடையவற்றுக்கு மாற்றாகப் பொருந்துபவற்றை, தயாரித்து, பிரிண்டர் பராமரிப்பும் எடுத்துச் செய்யும் சிறு நிறுவனத்தின் பார்வையிலிருந்து இந்தத் தளங்களை மதிப்பிடுகிறேன். விலையையும் வென்றவரையும் அறிவதற்கு இவை நல்ல கருவிகள். பணம் எப்போது கைக்கு வரும் என்பதை அறிவதற்கு அநேகமாக உதவாதவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட செய்திகள் உள்ளே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வழங்குநரே பொறுமையாகக் கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஜெம் 2016 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு மத்திய அரசுத் துறைகளுக்காக விலை ஒப்பந்தங்களை முடித்துக் கொடுத்துவந்த பழைய வழங்கல் தலைமை இயக்ககம் 2017 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 149ஆவது விதி, ஜெம் தளத்தில் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் மத்திய அமைச்சகங்களும் துறைகளும் அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் சில்லறைக் கொள்முதலைப் படிக்க விரும்புபவர் ஜெம் தளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இந்த விதியே காரணம். இது வருவதற்கு முன்னால், அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையையும் உள்ளே தெரிந்தவர்களையும் நம்பியே தொழில் நடந்தது. தெரிந்தவர் இல்லாத நிறுவனத்துக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. இன்று அந்தச் செய்தி ஊர், பெயர் பாராமல் எல்லோருக்கும் கிடைக்கிறது என்பதை நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். கீழே சொல்லப்போகும் குறைகள் எவையும் இதைச் சிறிதாக்கிவிடாது.

ஒப்பந்தத் தேடல் பக்கத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வது முதல் வேலை. பொருளின் வகையையும் தேதி வரம்பையும் கொடுத்து, அமைச்சகம், துறை, நிறுவனம், கொள்முதல் முறை ஆகியவற்றால் சுருக்கிக்கொள்ளும் வகையில் அது அமைந்திருக்கிறது. அதாவது, 'இந்த அலுவலகம் வாங்கிய அனைத்தையும் காட்டு' என்று ஒரே வரியில் கேட்க முடியாது. 'இந்த வகைப் பொருளை இந்த அமைச்சகத்தில் யார் யார் வாங்கினார்கள்' என்று கேட்டு, வந்த விடைகளிலிருந்து நமக்கு வேண்டிய அலுவலகத்தைப் பொறுக்கியெடுக்க வேண்டும். ஒரே பொருளை விற்பவருக்கு இது பெரிய இடையூறு ஆகாது. பல வகைப் பொருள்களைக் கையாளும் வணிகருக்கோ வேலை பல மடங்காகும். ஒவ்வொரு தேடலுக்கும் திரையிலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்து காட்ட வேண்டியிருப்பதால், ஓர் அலுவலகத்தின் மூன்று ஆண்டுக் கணக்கைத் திரட்டுவது கைவேலையாகவே இருக்கிறது. அரசு, தன் கொள்முதல் தரவை மொத்தமாகப் பதிவிறக்கக்கூடிய அட்டவணையாகக் கொடுத்தால் இந்த உழைப்பு முழுவதும் மிச்சமாகும். பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்து இதைச் செய்துகொள்ளும்; உரிமையாளரே கணக்கராகவும் விற்பனையாளராகவும் இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்த அட்டவணை உண்மையில் தேவை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரே வளாகத்திலுள்ள ஒரே அலுவலகம், வாங்கும் அதிகாரி எந்தப் பெயரில் பதிவு செய்தாரோ அதற்கேற்ப இரண்டு மூன்று விதமாகத் தோன்றலாம். ஒன்றில் மண்டலப் பெயர் இருக்கும். மற்றொன்றில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். அலுவலகப் பெயரை மட்டும் பார்த்துத் தொகுப்பவர் பாதியைத் தவறவிடுவார். ஒப்பந்த ஆவணத்தில் பொருளைப் பெறுபவரின் முகவரி தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

அந்த ஆவணம் நிதானமாகப் படிக்க வேண்டிய ஒன்று. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் மொத்த மதிப்பையும் விற்பனையாளர் பெயரையும் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். அதற்குள் நிதி ஒப்புதல் அளித்த அதிகாரியின் பதவி, பணம் வழங்கும் அதிகாரியின் பதவி, பணம் எந்த வழியில் செலுத்தப்படும் என்ற குறிப்பு, பொருள் எத்தனை இடங்களில் இறக்கப்பட வேண்டும் என்ற பட்டியல், வழங்க வேண்டிய கெடுநாள் ஆகியவையும் இருக்கின்றன. நூறு கார்ட்ரிட்ஜ்களை ஒரே இடத்தில் இறக்குவதும், அதே நூறை ராமநாதபுரம், தருமபுரி, நாகர்கோவில் என்று பத்து ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவதும் ஒரே விலைக்குக் கட்டுப்படியாகாது. ஜெம் விலை என்பது வரியும் ஏற்றுக்கூலியும் அடங்கிய விலை என்பதால், சென்ற முறை வென்றவர் எப்படி அவ்வளவு குறைவாகக் கொடுத்தார் என்று வியப்பதற்கு முன், அவர் எத்தனை இடங்களுக்கு அனுப்பினார் என்பதைப் பார்ப்பது அவசியம். செலுத்தும் வழி மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பின் மூலமா, வங்கி வழியாக அலுவலகமே செலுத்துவதா என்ற சிறு குறிப்பும் மதிப்புள்ளது. பில் எத்தனை கைகளைக் கடக்கும் என்பதை ஓரளவு அதிலிருந்தே ஊகிக்கலாம்.

என் தொழிலுக்கு மிகவும் பயன்பட்டது, வாங்கிய பொருளிலிருந்து வாங்காத பொருளைக் கண்டறியும் முறை. கார்ட்ரிட்ஜின் மாடல் எண் தெரிந்தால் எந்தப் பிரிண்டர் அந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கறுப்பு-வெள்ளை டோனர் கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் அச்சிடும் என்பதை அளக்க ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்ற தரமுறை இருக்கிறது. தயாரிப்பாளர் அறிவிக்கும் பக்க எண்ணிக்கை பெரும்பாலும் அதன்படியானதுதான். வாங்கிய எண்ணிக்கையை அந்தப் பக்க எண்ணிக்கையால் பெருக்கினால் அலுவலகத்தின் ஆண்டு அச்சுத் தேவை தோராயமாகக் கிடைக்கும். ஒரு மாடல் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வாங்கப்பட்டு, மூன்றாம் ஆண்டு பட்டியலிலேயே இல்லாமல் போனால், அந்தப் பிரிண்டர்கள் கழிக்கப்பட்டிருக்கலாம். அல்லது பக்கத்துக்கு இவ்வளவு என்று அச்சுப்பணியையே வெளியாருக்கு விடும் சேவைக்கு அலுவலகம் மாறியிருக்கலாம். ஜெம் தளத்தில் அத்தகைய அச்சு மேலாண்மைச் சேவைக்குத் தனி வகை உண்டு. அதையும் தேடிப் பார்த்த பிறகே கார்ட்ரிட்ஜ் தேவை குறைந்ததன் காரணம் புரியும். அப்படி மாறிவிட்ட அலுவலகத்துக்காகச் சரக்கு வாங்கி அடுக்குவது முதலை முடக்குவதாகும். இதே முறையை யு.பி.எஸ். பேட்டரி விற்பவர்களும், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்கு ஃபில்டர் விற்பவர்களும் கையாளலாம்.

அசல் தயாரிப்பாளரின் கார்ட்ரிட்ஜும் கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜும் தளத்தில் வெவ்வேறு வகைகளாக இருக்கின்றன. ஓர் அலுவலகம் மூன்று ஆண்டுகளாக அசலை மட்டுமே வாங்கிவருகிறது என்றால், கம்பேட்டிபிள் தயாரிப்பாளருக்கு அந்தச் செலவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. இரண்டு வகையும் கலந்து வாங்கப்பட்டிருந்தால், எந்தப் பிரிவுக்கு எது வாங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கம்பேட்டிபிளை ஒருமுறை வாங்கிவிட்டு மறுபடி அசலுக்குத் திரும்பிய அலுவலகங்களை நான் தனியாகக் குறித்துவைக்கிறேன். தரம் குறைந்த சரக்கு யாரோ கொடுத்திருப்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். அங்கே விலையைக் காட்டிலும் மாதிரியைக் காட்டிப் பேசுவதே வழி.

கொள்முதல் முறை என்ற கட்டம் அடுத்த முக்கியமான செய்தி. 149ஆவது விதி முதலில் வந்தபோது 50,000 ரூபாய் வரை நேரடியாகவும், அதற்கு மேல் 30 லட்சம் வரை குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களின் பொருள்களை ஒப்பிட்டுக் குறைந்த விலையிலும், அதற்கு மேல் போட்டி ஏலத்திலும் வாங்கலாம் என்றிருந்தது. 2019இல் அந்த வரம்புகள் 25,000 ரூபாய், 5 லட்சம் ரூபாய் என்று குறைக்கப்பட்டன. பின்னர் மறுபடியும் உயர்த்தப்பட்டன. எனவே பழைய ஒப்பந்தங்களைப் படிக்கும்போது அந்தத் தேதியில் எந்த வரம்பு நடைமுறையில் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் சிறு ஆர்டர்கள் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே விற்பனையாளருக்குப் போயிருந்தால், அதற்குப் பொருள் என்ன? உடனே முறைகேடு என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. இடவசதியும் நிதி ஒதுக்கீடும் தவணை தவணையாக வருவதால் சிறிது சிறிதாக வாங்கும் அலுவலகங்கள் நிறைய உண்டு. ஆனால் போட்டியைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டாக்கக் கூடாது என்று அதே 149ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. வழங்குநர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நடைமுறை சார்ந்தது. அந்த அலுவலகம் பெரிய ஏலம் விடும் என்று காத்திருக்க வேண்டாம். நேரடிக் கொள்முதலில் கண்ணில் படும்படி பட்டியல் விலையையும் இருப்பையும் சரியாக வைத்திருக்க வேண்டும்.

ஏலத்தின் மூலம் வாங்கப்பட்டவற்றுக்கு ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏல முடிவுப் பக்கத்துக்கும் போக வேண்டும். என் மதிப்பீட்டில் ஜெம் தளத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே. யார் யார் பங்கேற்றார்கள், தொழில்நுட்ப மதிப்பீட்டில் யார் தகுதி பெற்றார்கள், யார் பெறவில்லை, தகுதி பெற்றவர்கள் கொடுத்த விலை என்ன, வரிசை என்ன என்பவை அங்கே இருக்கின்றன. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே விலை வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தால் அந்தச் சந்தையில் எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கி ஒரே இலாபத்தில் விற்கிறார்கள் என்று கொள்ளலாம். முதலாமவர் மட்டும் வெகு தொலைவு கீழே நின்றால், அவர் தயாரிப்பாளராக இருக்க வேண்டும், அல்லது கணக்குத் தவறியிருக்க வேண்டும். ஒன்பது பேர் பங்கேற்று ஏழு பேர் தொழில்நுட்பத்தில் நீக்கப்பட்ட ஏலத்தை, விலையைப் பார்ப்பதற்கு முன்பே ஊன்றிப் படிக்க வேண்டும். எந்த ஆவணத்தை அந்த அலுவலகம் கண்டிப்பாகக் கேட்கிறது என்பது அதில் ஒளிந்திருக்கும்.

ஏல அறிவிப்பிலும் அதற்கான தடயங்கள் கிடைக்கும். விற்பனையாளரின் மூன்றாண்டுச் சராசரி விற்றுமுதல், முன் அனுபவம், சிறு நிறுவனங்களுக்கு அவற்றிலிருந்து விலக்கு உண்டா இல்லையா, மதிப்பீடு மொத்தமாகவா பொருள்வாரியாகவா, முடிவில் தலைகீழ் ஏலம் (போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போவது) உண்டா என்பவை ஒவ்வொன்றும் நமக்கு அந்த அலுவலகம் திறந்திருக்கிறதா என்பதைச் சொல்லும். பொருள்வாரி மதிப்பீடு என்றால் நம்மிடம் இருக்கும் நான்கு மாடல்களுக்கு மட்டும் விலை கொடுத்து வெல்லலாம். மொத்த மதிப்பீடு என்றால் இல்லாத பதினைந்து மாடல்களையும் வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்குநர் தாமாகச் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்காமல் யாரும் விலை குறிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்த அளவை 25 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ வாங்குநருக்கு உரிமை தரும் நிபந்தனை பல ஏலங்களில் இருக்கும். நூறு என்று நினைத்துச் சரக்கு வாங்கியவர் எழுபத்தைந்தோடு நிற்க நேரலாம்.

சிறு நிறுவனங்களுக்கான சலுகைகளைப் பற்றி நிலவும் குழப்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு, 2018 நவம்பர் அறிவிக்கையின் மூலம் 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதமும், பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதமும் உள்ஒதுக்கீடு. குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் விலை கொடுத்த சிறு நிறுவனம், குறைந்த விலைக்கு இறங்கிவர ஒப்புக்கொண்டால் ஆர்டரில் பங்கு பெறலாம். ஏலத்தில் பங்கேற்கப் பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையைச் செலுத்த வேண்டியதில்லை. இந்தச் சலுகைகள் தாமே தயாரிக்கும் பொருளுக்கும் தாமே அளிக்கும் சேவைக்கும் மட்டுமே உரியவை. வாங்கி விற்கும் வணிகர்களும் 2021 ஜூலை முதல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைப் பெறலாம் என்றாலும், அது வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடனுக்காக மட்டுமே. உத்யம் சான்றிதழ் கையில் இருப்பதாலேயே அந்தக் 25 சதவீதம் தமக்கும் உண்டென்று கணக்கிடும் வணிகர்கள், அலுவலகத்தின் செலவில் தங்களுக்கு எட்டாத பகுதியையும் எட்டும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

எட்டும் பகுதி எது என்ற கேள்விதான் இந்த ஆய்வின் உயிர். ஓர் அலுவலகத்தின் மொத்தச் செலவு எவ்வளவு என்பது செய்திக்கு உதவும்; வழங்குநருக்கு உதவாது. தமிழக அரசின் அலுவலகங்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1977இல் தொடங்கப்பட்ட எல்காட் நிறுவனம் அரசுத் துறைகளுக்காகக் கணினி சார்ந்த கொள்முதலை ஒருங்கிணைத்துச் செய்கிறது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்துக்கு வாங்கியதும் அந்நிறுவனமே. 1965இல் தோன்றிய மாநில அரசு நிறுவனமான டான்சி இரும்பு, மர அறைகலன்களைச் செய்து கொடுக்கிறது. அலுவலகங்களுக்கான தாள், பதிவேடு போன்றவற்றைக் கவனிக்க எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டமே தன் 16ஆவது பிரிவில் சில வகைக் கொள்முதல்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஒரு மாவட்ட அலுவலகம் நாற்பது கணினிகளைப் பெற்றிருந்தும், அந்த அலுவலகத்தின் பெயரில் ஓர் ஒப்பந்தப்புள்ளியும் கண்ணில் படாமல் இருக்கலாம். அங்கே போய் மனு கொடுப்பதில் பொருளில்லை. எல்காட் விடும் ஒப்பந்தப்புள்ளியையே பின்தொடர வேண்டும். பராமரிப்பும் அன்றாட நுகர்பொருள்களும் அலுவலகத்தின் கையிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். என்னைப் போன்றோருக்கு அதுவே இடம்.

தமிழக அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளமும், மத்திய அரசின் பொதுக் கொள்முதல் தளமும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஒரே மென்பொருளில் இயங்குபவை. ஒன்றைப் பழகியவருக்கு மற்றது தெரிந்துவிடும். அமைப்புவாரியாகத் தேடல், நிலைத் தேடல், ரத்து செய்யப்பட்டவை, ஆவணக் காப்பகம் என்று பகுதிகள் இருக்கின்றன. நிலைத் தேடலில் தொழில்நுட்ப உறை திறப்பு, அதன் மதிப்பீடு, விலை உறை திறப்பு, ஒப்பந்தம் வழங்கல் என்று படிப்படியாகப் பார்க்கலாம். கடைசிப் படியான ஒப்பந்தம் வழங்கல் வரை எல்லாமே ஏற்றப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது இல்லாத இடத்தில் விலை உறை திறப்பின் பட்டியலே நமக்கு ஆதாரம். ஜெம் தளத்தின் ஒப்பந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டால் இங்கே தேடுவது கடினம். ஆவணங்கள் பெரும்பாலும் பக்கப் படங்களாக இருப்பதால் எழுத்தைத் தேடவும் முடிவதில்லை. ஆனாலும் ரத்து செய்யப்பட்டவற்றின் பட்டியல் தனி மதிப்புடையது. ஒரே தேவைக்கு மூன்று முறை அறிவிப்பு விட்டு மூன்று முறையும் ரத்து செய்த அலுவலகத்துக்காக ஆவணம் தயாரிப்பதற்கு முன், காரணத்தைக் கேட்டறிவது நல்லது.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழான 2000ஆம் ஆண்டு விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் கால அவகாசம் தரச் சொல்கின்றன. அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் உயர் அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பழைய அறிவிப்புகளில் அறிவித்த நாளையும் கடைசி நாளையும் எழுதிக்கொண்டே வந்தால், எந்த அலுவலகம் அடிக்கடி குறுகிய அவகாசம் தருகிறது என்று தெரியும். அங்கே அறிவிப்பு வந்த பிறகு ஆவணம் தேடத் தொடங்கினால் நேரம் போதாது. முடிவில் குறை கண்டவர், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய அச்சட்டத்தின் 11ஆவது பிரிவு வழி தருகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வரவுசெலவுத் திட்ட ஆவணங்களை நான் குறைவாகவே பயன்படுத்துகிறேன். மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் அலுவலகச் செலவு, இயந்திரங்கள், கணினி சார்ந்தவை என்று தலைப்புவாரியாக ஒதுக்கீடு இருக்கும். ஆனால் அது துறைக்கு உரியது, தனி அலுவலகத்துக்கு உரியது அன்று. சென்ற ஆண்டைவிட அந்தத் தலைப்பு கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது போதும்.

காலத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நிதியாண்டின் கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்குக்கு முரணானது என்று பொது நிதி விதிகளின் 62ஆவது விதி கூறுகிறது. கடைசிக் காலாண்டில் மொத்த ஒதுக்கீட்டில் 33 சதவீதத்துக்கும், மார்ச் மாதத்தில் மட்டும் 15 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் வரம்பிட்டிருக்கிறது. இவ்வளவு இருந்தும், ஒப்பந்தத் தேதிகளை மாதவாரியாக அடுக்கினால் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பல அலுவலகங்களில் தடித்தே தெரியும். அந்தக் கூட்டத்தில் ஆர்டர் பெறுவது எளிது. பணம் பெறுவது எளிதன்று. மார்ச் 31க்குள் பில் தீராவிட்டால் அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு வரும் வரை காத்திருக்க நேரும். தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் புதிய ஒப்பந்தப்புள்ளிகளும் தடைபடும். ஆகவே ஜூன், ஜூலை மாதங்களிலேயே நிதானமாக வாங்கும் அலுவலகம், மொத்தச் செலவில் சிறியதாக இருந்தாலும், என் பட்டியலில் முன்னுக்கு வரும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டால், ஒப்பந்த மதிப்பும் கைக்கு வரும் பணமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது விளங்கும். 12 லட்சம் ரூபாய்க்குக் கார்ட்ரிட்ஜ் ஒப்பந்தம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியைக் கழித்தால் பொருளின் மதிப்பு ஏறக்குறைய 10,17,000 ரூபாய். மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டும் அரசு ஒப்பந்தம் என்பதால், அதில் 2 சதவீதம், அதாவது சுமார் 20,340 ரூபாய், வரியாக மூலத்திலேயே பிடித்தம் செய்யப்படும். அது நம் வரிக் கணக்குக்கு வந்து சேரும் என்றாலும் உடனடியாகக் கையில் இருக்காது. விற்பனையாளரிடம் வசூலிக்கப்படும் ஜெம் கட்டணம் 2024 ஆகஸ்டில் திருத்தப்பட்டபடி, 10 லட்சம் வரை இல்லை. அதற்கு மேல் 10 கோடி வரை 0.30 சதவீதம் என்பதால் 3,600 ரூபாய். ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றுவதற்கான செயல்பாட்டுப் பிணைத்தொகை 3 முதல் 5 சதவீதம் வரை கேட்கப்படலாம்; 36,000 முதல் 60,000 ரூபாய் வரை உத்தரவாதக் காலம் முடிந்து மேலும் 60 நாள் வரை முடங்கும். முன்வைப்புத் தொகையில் விலக்கு உள்ள சிறு நிறுவனத்துக்கும் இந்தப் பிணைத்தொகை உண்டு. சென்ற ஆண்டு வென்றவரின் விலையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், அந்த விலைக்குக் கீழே போவது அறிவுடைமையா என்று முடிவு செய்ய முடியும்.

இவ்வளவையும் காட்டும் தளங்கள், காட்டியாக வேண்டிய ஒன்றைக் காட்டுவதில்லை. பொருள் ஏற்கப்பட்டதற்கான சான்று எந்த நாளில் தரப்பட்டது, பணம் எந்த நாளில் செலுத்தப்பட்டது என்ற இரண்டும் பொதுப் பார்வையில் இல்லை. ஜெம் நடைமுறையில் ஏற்புச் சான்றுக்குப் பின் 10 நாளுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும்; தாமதமானால் மாதம் 1 சதவீத அபராத வட்டி என்று நிதி அமைச்சகம் 2020இல் ஆணையிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் 45 நாளை உச்ச வரம்பாக வைத்து, அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் மாதாந்தரக் கூட்டு வட்டி என்கிறது. விதிகள் வலுவானவை. எந்த அலுவலகம் அவற்றைப் பின்பற்றுகிறது என்று முன்கூட்டி அறிய வழியில்லாததால், சம்பளமும் வாடகையும் கொடுக்க வேண்டிய சிறு நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டே நுழைய வேண்டியிருக்கிறது. 2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட சமாதான் தளம், தாமதப் பணத்துக்கான விண்ணப்பங்கள் எந்தப் பிரிவு வாங்குநர்கள்மீது எத்தனை வந்துள்ளன என்று தொகுத்துக் காட்டுகிறது. அது பொதுவான போக்கை அறிய உதவும். நமக்கு வேண்டிய அலுவலகத்தைப் பற்றிச் சொல்வதற்கு அது போதாது.

இந்த இடைவெளியை நிரப்ப என்னிடம் உள்ள ஒரே வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 4(1)(ஆ) பிரிவே, ஒதுக்கீட்டையும் வழங்கப்பட்ட தொகைகளையும் அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. 2013 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒப்பந்தம் பெற்ற வழங்குநரின் பெயர், விலை, மொத்தத் தொகை ஆகியவற்றையும் அதில் சேர்த்தன. அலுவலகத்தின் இணையதளத்தில் இவை இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லாதவற்றுக்கு மட்டும் விண்ணப்பிப்பது நல்லது. கட்டணம் 10 ரூபாய். விடை 30 நாளில் வர வேண்டும். உரிமை குடிமக்களுக்கு என்பதால் நிறுவனத்தின் பெயரில் எழுதாமல் தனிநபர் பெயரில் எழுத வேண்டும். போட்டியாளரின் வணிக இரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுக்க இடம் தராதவாறு, அவருடைய விலைக் கணக்கைக் கேட்காமல், குறிப்பிட்ட ஒப்பந்த எண்களுக்குப் பில் பெறப்பட்ட நாள், ஏற்புச் சான்று தந்த நாள், பணம் செலுத்திய நாள் ஆகிய மூன்றையும் மட்டும் கேட்டால் போதும். 'ஏன் தாமதம்' என்று கேட்கத் தேவையில்லை. நாள்களே அதைச் சொல்லிவிடும். கேள்வி கேட்டவரை அலுவலகம் பகைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதலையே அடகு வைத்துச் சரக்கு அனுப்பப்போகிறவருக்கு இந்த மூன்று நாள்களை அறியும் உரிமை இருக்கிறது.

ஜெம் தளத்தின் ஒப்பந்தப் பக்கத்துக்கும் ஏல முடிவுப் பக்கத்துக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஒப்பந்தப்புள்ளித் தளங்களுக்கு ஐந்தில் இரண்டரை. புதிதாக நுழைபவர், ஒரே பொருள் வகை, ஒரே அமைச்சகம், மூன்று நிதியாண்டுகள் என்று எல்லையிட்டுக்கொண்டு தொடங்கலாம். ஒப்பந்த எண், தேதி, கொள்முதல் முறை, மாடல், எண்ணிக்கை, வரி நீங்கிய அலகு விலை, இறக்குமிடங்கள், வென்றவர், பங்கேற்றவர் எண்ணிக்கை ஆகிய கட்டங்களோடு ஓர் அட்டவணை போதும். அதில் கடைசியாக 'பணம் செலுத்திய நாள்' என்றொரு கட்டத்தையும் வரைந்துவைக்கலாம். பணம் செலுத்தும் அதிகாரியின் பதிவு ஜெம் அமைப்புக்குள்ளேயே இருப்பதால், அந்தக் கட்டத்தைப் பொதுப்பக்கத்தில் திறந்துவிட ஜெம் நிர்வாகத்துக்குப் புதிய தரவு எதுவும் தேவையில்லை.